ஓநாய்களைக் கொல்லாமல் தாண்டிப் போனால் எக்ஸ்பி உண்டா?

கோத்தகிரி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறேன். ஒன்பது வாரமாகச் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு முன்னறையில் ஐந்து பிள்ளைகளை வைத்து டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற கதை விளையாட்டை நடத்துகிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் கதையில் ஒரு பாத்திரம், எதிரே என்ன வருகிறது என்று நான் சொல்வேன். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். பேச்செல்லாம் தமிழில்தான். மூன்று மணிக்கு ஆரம்பித்தால் ஐந்தரைக்கு முடித்தாக வேண்டும். அதற்கு மேல் போனால் தேயிலைக்குள் போகிற ஒத்தையடிப் பாதையில் கரடியோ காட்டுமாடோ நிற்கும். பிறகு நானே டார்ச்சை எடுத்துக்கொண்டு லைன் வீடு வரை போய் ஒவ்வொருவராக விட்டுவிட்டு வரவேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, சேரச்சேரப் பாத்திரம் லெவல் ஏறும். அந்தக் கணக்கில் மூன்று இடத்தில் சிக்கிக்கொண்டேன்.

முதலாவது, வேகம். நாலு பேர் 340 எக்ஸ்பியில் நிற்கிறார்கள். 300ஐத் தாண்டியதால் இரண்டாவது லெவல். மூன்றாவது லெவலுக்கு 900 வேண்டும். இதுவரை வாரத்துக்குச் சராசரியாக 38 எக்ஸ்பிதான் வந்திருக்கிறது. இதே நடையில் போனால் இன்னும் 15 சனிக்கிழமை. அதற்குள் முழுப்பரீட்சையே வந்துவிடும். அதுவரைக்கும் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்குமா என்று தெரியவில்லை.

இரண்டாவது, ஐந்தாவது பிள்ளை. அவள் அம்மா கொழுந்து பறிக்கப் போகிற சனிக்கிழமைகளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் மூன்று வாரம் வரவில்லை. அவளுக்கு 190தான். இன்னும் முதல் லெவல். மற்றவர்கள் லெவல் ஏறி ஹிட் பாயின்ட்டுக்கு (எவ்வளவு அடி தாங்கலாம் என்கிற எண்) பகடை உருட்டிய அன்று, அவள் ஒன்றும் சொல்லாமல் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது.

மூன்றாவதுதான் என்னை ராத்திரி தூங்கவிடாதது. போன வாரத்துக்கு முந்தின வாரம், காட்டுக்குள் ஆறு ஓநாய்கள் படுத்திருந்தன. பிள்ளைகள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டார்கள். ஓடைக்குள் இறங்கினார்கள். ஒரு சத்தமும் இல்லாமல் தாண்டிவிட்டார்கள். அவ்வளவு அழகாக இருந்தது. தாண்டின பிறகு ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், இதுக்கு எக்ஸ்பி உண்டா?" நான் யோசிக்காமல், கொன்றால்தான் உண்டு என்று சொல்லிவிட்டேன். அவன் நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டான். ஓநாய்க்கு 50, ஆறு ஓநாய்க்கு 300, ஐந்தால் வகுத்தால் 60. "அப்ப திரும்பிப் போவோம்" என்றான். போனார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஓநாய்களைக் கொன்றுவிட்டு வந்தார்கள்.

இந்தப் பிள்ளைகள் நிஜத்தில் கரடி எதிரே வந்தால் ஓடக்கூடாது, வழிவிட்டு நிற்க வேண்டும் என்று எழுத்துக்கூட்டத் தெரிவதற்கு முன்பே கற்றுக்கொண்டவர்கள். அவர்களைத் திரும்பிப் போகவைத்தது என்னுடைய அந்த ஒரு பதில்தான்.

இன்னொரு சின்னச் சந்தேகமும் இருக்கிறது. ஆரம்பத்தில் ஆறு காப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்) வந்த அன்று, புத்தகத்தில் 'மூன்று முதல் ஆறு எதிரிகள் என்றால் இரண்டால் பெருக்கு' என்று பார்த்ததால் 300ஐ 600 ஆக்கி ஆளுக்கு 120 கொடுத்தேன். அது சரிதானா?

அருவங்காடு:

டீச்சர், கடைசிச் சந்தேகத்துக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெருக்கல் சண்டை எவ்வளவு கஷ்டம் என்று டி.எம்., அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர், முன்கூட்டியே அளந்து பார்ப்பதற்கு. கொடுக்கவேண்டியது பெருக்காத 300தான், ஆளுக்கு 60. 2024இல் வந்த புதிய டி.எம். புத்தகத்தில் இந்தப் பெருக்கலையே எடுத்துவிட்டார்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்காதீர்கள், பிள்ளைகள் அதை ஏற்கெனவே செலவழித்துவிட்டார்கள்.

மற்றதற்கு என் கருத்து: எக்ஸ்பியை விட்டுவிடுங்கள். கதையில் ஒரு கட்டம் முடிந்ததா, எல்லோருக்கும் ஒரு லெவல் என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் மூன்று வருஷமாக அப்படித்தான் ஆடுகிறோம். ஓநாயைக் கொன்றாலும் விட்டாலும் ஒன்றுதான் என்று ஆனபிறகு யாரும் திரும்பிப் போவதில்லை.

ரன்னிமேடு:

டீச்சர், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்தப் பையன் தப்பு எதுவும் செய்யவில்லை. நீங்கள் சொன்ன விதியைச் சரியாகப் புரிந்துகொண்டான். விதியைத்தான் மாற்றவேண்டும். அதற்காக எக்ஸ்பியையே தூக்கிப் போடவேண்டாம் என்று நினைக்கிறேன், அருவங்காட்டு நண்பர் மன்னிக்கவும். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் அப்பா குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் இலை நிறுக்கிற இடத்தில் வேலை பார்த்தார். அவர் சொல்வது இது: கூடையை எடைக்கு மட்டும் பார்த்தால் சாயங்காலம் முத்தின இலையும் காம்பும்தான் வரும். இரண்டு இலை ஒரு மொட்டு வேண்டும் என்றால் கூடைக்குள் கையைவிட்டுக் கிளறிப் பார்க்கவேண்டும். பறிக்கிற கைக்கு எதற்குக் காசு என்று தெரியும், அதைத்தான் பறிக்கும். எக்ஸ்பியும் எனக்கு அந்தத் தராசுதான். எதை நிறுக்கிறீர்களோ அது மேசைக்கு வரும்.

இந்த விளையாட்டின் சரித்திரமே அதற்குச் சாட்சி. 1974இல் முதல் பெட்டி வந்தபோதிலிருந்தே புதையலுக்கு எக்ஸ்பி உண்டு. ஒரு தங்கக்காசுக்கு ஒரு எக்ஸ்பி. நான் கற்றுக்கொண்டது 1981 அடிப்படைப் பெட்டியில், மாமா வெளியூரிலிருந்து கொண்டுவந்தது. அதில் ஒரு காப்ளினை ஜெயித்தால் 5 எக்ஸ்பிதான். 200 காசு இருக்கிற ஒரு சொம்பைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தால் 200. அதாவது நாற்பது காப்ளினுக்குச் சமம். அப்புறம் யார் காப்ளினோடு மல்லுக்கட்டுவார்கள்? பேசிப் பார்ப்போம், லஞ்சம் கொடுப்போம், பின்பக்கமாகப் போய்ச் சுவரைக் குடைவோம். முதல் லெவல் மந்திரவாதிக்கு நாலு ஹிட் பாயின்ட்கூட இருக்காது, சண்டை என்றால் எங்களுக்கு நடுக்கம். எங்கள் கூட்டம் ஒரு முழுக் குகையையும் ஒரு வாள் வீச்சு இல்லாமல் காலி செய்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பெட்டியில் ஆளுக்கு ஆள் அட்டவணையும் வேறு. இரண்டாம் லெவலுக்குத் திருடனுக்கு 1,200, பூசாரிக்கு 1,500, போர்வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500, எல்ஃபுக்கு 4,000. ஒரே கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே எக்ஸ்பி இருந்தாலும் லெவல் ஒன்றாக இருக்காது. அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோதுதான் எல்லோருக்கும் ஒரே அட்டவணை, 1,000, 3,000, 6,000 என்று ஆனது. அதற்குள் பொற்காசுக்கு எக்ஸ்பி என்பதும் போய்விட்டது, 1989இன் இரண்டாம் பதிப்பிலேயே அது வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்கிற விதியாகச் சுருங்கிவிட்டது. புதையலுக்கு மதிப்பெண் போன பிறகு மிச்சமிருந்தது அரக்கர்களுக்கான மதிப்பெண். மேசையும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1981 பெட்டியிலேயே அரக்கனைச் சண்டையாலோ மந்திரத்தாலோ புத்தியாலோ மடக்கினால் எக்ஸ்பி உண்டு என்றுதான் இருக்கிறது. உங்கள் 2014 டி.எம். புத்தகத்திலும் தோற்கடித்தால் என்றுதான் போட்டிருக்கிறது. கொல்வது, துரத்துவது, பிடிப்பது மூன்றும் அதில் அடக்கம். சண்டை இல்லாத சவாலுக்கும் எக்ஸ்பி கொடுக்கலாம் என்று அதே புத்தகம் வழி சொல்கிறது. ஆகவே ஓடையில் இறங்கி ஓநாய்களைத் தாண்டின நிமிஷமே உங்கள் பிள்ளைகள் அந்த 60ஐச் சம்பாதித்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை அதை அவர்களிடமே சொல்லுங்கள். டீச்சர் விதியைச் சரியாகப் படிக்கவில்லை, தாண்டினாலே முழுசாக உண்டு, திரும்பிப் போனால் மேற்கொண்டு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் இதைச் சரியாகவே எடுத்துக்கொள்வார்கள்.

வேகத்துக்கு வருவோம். அட்டவணையில் இருக்கிற பெரிய எண்களைப் பார்த்துப் பயப்படவேண்டாம். 300, 900, 2,700, 6,500, 14,000 என்று ஏறுகிறது. ஆனால் எதிரியும் சேர்ந்தே பெரிதாகிறான். காப்ளின் 50, ஓகர் என்கிற பெரிய அரக்கன் 450. எக்ஸ்பியை எண்ணாமல் எத்தனை சண்டை என்று எண்ணிப் பாருங்கள், அப்போதுதான் அட்டவணையின் உண்மையான வடிவம் தெரியும். முதல் இரண்டு லெவல் சீக்கிரம் கடக்கட்டும் என்றே சின்னதாக வைத்திருக்கிறார்கள், நடுவில் நிதானமாகிறது, அப்புறம் மறுபடி வேகம். பத்திலிருந்து பதினொன்றுக்கு 21,000 வேண்டும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு 15,000தான். தெரிந்தே அப்படி வளைத்திருக்கிறார்கள்.

எக்ஸ்பி இல்லாமல் ஆடுகிறவர்களுக்கு அந்தப் புத்தகம் சொல்கிற கணக்கு இது: முதல் செஷன் முடிந்தால் இரண்டாம் லெவல், அடுத்தது முடிந்தால் மூன்று, இன்னும் இரண்டு முடிந்தால் நான்கு. உங்கள் செஷன் இரண்டரை மணி நேரம், பிள்ளைகள், பாதி நேரம் தேநீரும் வர்க்கியும். இரண்டு சனிக்கிழமையை ஒரு செஷனாக வைத்தாலும் நாலாவது சனிக்கிழமையே மூன்றாம் லெவல் வந்திருக்கவேண்டும். சண்டையும் நீங்கள் லேசாக வைக்கவில்லை. அருவங்காட்டு நண்பர் சொன்ன அந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். ஆறு காப்ளின் 600 ஆகிறது. முதல் லெவலில் 'டெட்லி' (உயிருக்கே ஆபத்தான சண்டை) என்கிற எல்லை ஆளுக்கு 100, ஐந்து பேருக்கு 500. அதையும் தாண்டிய சண்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், கூலி மட்டும் குறைவாகப் போகிறது.

நான் செய்வது இதுதான். கதையில் ஒரு சின்ன வேலை முடிந்தால் அந்த லெவலில் 'ஈஸி' சண்டைக்கான அளவு, பெரிய வேலை முடிந்தால் 'ஹார்ட்' சண்டைக்கான அளவு. இரண்டாம் லெவலில் அது ஆளுக்கு 50, ஆளுக்கு 150. இதுவும் புத்தகத்தில் இருப்பதுதான். மருந்தை ஊருக்குக் கொண்டுவந்தார்களா, 50. காணாமல்போன ஆட்டுக்காரப் பையனைக் கண்டுபிடித்தார்களா, 150. எந்த வேலைக்கு எவ்வளவு என்று முன்னாடியே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வாரம் ஒரு சண்டைக்கு 60, ஒரு சின்ன வேலைக்கு 50 என்று வைத்தாலே 340இலிருந்து 900க்கு ஆறு வாரம், நடுவில் ஒரு பெரிய வேலையும் சேர்ந்தால் நாலு. எக்ஸ்பியை விடவேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் அந்தப் பையனின் நோட்டுதான். கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுக்கிற பிள்ளை அவன். அவன் கையில் நல்ல கணக்கைக் கொடுங்கள்.

வராத பிள்ளைக்கு மற்றவர்களுக்குச் சமமாகக் கொடுத்துவிடுங்கள். இதில் நான் யாரோடும் வாதாடத் தயார். ஒரு லெவல் வித்தியாசம் ஆட்டத்தைக் கெடுக்காது என்பது உண்மைதான். ஒன்றிலிருந்து நாலு வரை எல்லோருக்கும் தேர்ச்சி போனஸ் (பகடையில் விழுவதோடு கூட்டுகிற எண்) +2தான். ஐந்தாம் லெவலில்தான் +3 ஆகிறது, போர்வீரன் இரண்டு தடவை வெட்டுகிறான், மந்திரவாதிக்கு நெருப்புக்கோளம் கிடைக்கிறது. நாலும் ஐந்தும் ஒரே மேசையில் இருந்தால் நிஜமாகவே வலிக்கும். ஆனால் அவள் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று எழுதினீர்களே, அதற்கு மேல் வேறு காரணம் வேண்டியதில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்ட சனிக்கிழமைக்கு ஒரு பிள்ளை ஏன் பின்தங்கவேண்டும்?

வட்டக்கானல்:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன் அக்கா. ரன்னிமேடு அண்ணன் சொன்னதில் எனக்கு எதிர்க்கருத்து இல்லை. வேறு இரண்டு ஆட்டங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன், உங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படலாம்.

நாங்கள் ஆடுவது டன்ஜியன் வேர்ல்ட். அதில் காரியம் நடக்குமா என்று பார்க்க ஆறுபக்கப் பகடை இரண்டே போதும் (அடியின் அளவுக்கு மட்டும் வேறு பகடைகள்) என்பதால்தான் முதலில் எடுத்தோம், பரமபத அட்டையோடு வந்த பகடைகளை வைத்தே ஆரம்பித்தோம். அதில் கூட்டுத்தொகை ஆறோ அதற்குக் கீழோ வந்தால், அதாவது காரியம் கெட்டுப்போனால், ஒரு எக்ஸ்பி. உங்கள் லெவலோடு ஏழைக் கூட்டினால் அடுத்த லெவலுக்கு வேண்டியது. முதல் லெவலில் எட்டு. செஷன் முடிவில் எல்லோரும் சேர்ந்து மூன்று கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்: உலகத்தைப் பற்றி முக்கியமாகப் புதிதாக ஏதாவது தெரிந்துகொண்டோமா, பெரிய எதிரி யாரையாவது சமாளித்தோமா, மறக்கமுடியாத புதையல் ஏதாவது கிடைத்ததா? ஆம் என்கிற ஒவ்வொன்றுக்கும் எல்லோருக்கும் ஒரு எக்ஸ்பி.

இதில் எனக்குப் பிடித்தது தோல்விக்குக் கிடைக்கிற புள்ளிதான். திறமைக்கான கூட்டல் எதுவும் இல்லாமல் உருட்டினால் 36இல் 15 தடவை தோற்பீர்கள். +2 இருந்தால் 36இல் 6தான். அப்படியானால் நன்றாகத் தெரிந்த வேலையை மட்டும் செய்கிறவன் மெதுவாக ஏறுகிறான், தெரியாததில் கைவைக்கிறவன் சீக்கிரம் ஏறுகிறான். எங்கள் கூட்டத்தில் பேசவே கூச்சப்படுகிற ஒருவன் இருந்தான். மூன்றாவது செஷனில் அவனாகவே காவலாளியிடம் போய்ப் பேசினான். சொதப்பியது. சந்தோஷமாக ஒரு புள்ளி போட்டுக்கொண்டான்.

இன்னொன்று கால் ஆஃப் கதுல்ஹு, 1981இலிருந்து வருவது. அதில் எக்ஸ்பியும் இல்லை, லெவலும் இல்லை. ஒரு திறமையை நெருக்கடியில் பயன்படுத்தி ஜெயித்தால் அதன் பக்கத்தில் ஒரு டிக். ஆட்டம் முடிந்ததும் நூறுக்கு உருட்டவேண்டும், இருக்கிற திறமையைவிட அதிகமாக வந்தால் திறமை கூடும். நூலகத்தில் தேடுகிற திறமை 30 இருக்கிறவருக்குக் கூடுவதற்கு 70 சதவீத வாய்ப்பு, 80 இருக்கிறவருக்கு 20தான். நல்ல தச்சருக்கு வருஷத்தில் ஒரு புது நுணுக்கம் அகப்பட்டாலே அதிகம், பழகுகிற பையனுக்குத் தினமும் ஒன்று. எனக்கு அது ரொம்ப நியாயமாகப் படுகிறது.

உங்கள் ஆட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. அந்த மூன்று கேள்வியை மட்டும் ஐந்தேகாலுக்குப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும்போது அன்றைக்கு என்ன நடந்தது என்று அவர்களே ஒருமுறை கதை சொல்லிவிடுவார்கள்.

கோத்தகிரி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஓநாய் விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் விதியைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், தாண்டினதற்கே 60 உண்டு என்றேன். அந்தப் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அதுங்களைச் சும்மா கொன்னோமா டீச்சர்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதற்குமேல் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாவது பிள்ளைக்கும் 340 என்று சொன்னதும் மற்ற நாலு பேரில் யாரும் முகம் சுளிக்கவில்லை. நான்தான் இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வேலைகளுக்கு எவ்வளவு என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஒட்டினேன். மலைக்கோவில் வைத்தியரிடமிருந்து மருந்தை ஊருக்குக் கொண்டுவந்தால் 50. வழியில் ஓர் ஆந்தைக்கரடியை வைத்தேன். தனியாக ஒன்று, 700 எக்ஸ்பி, ஆளுக்கு 140. இரண்டு பேர் உடனே வில்லை எடுத்தார்கள். அப்போது மூன்று வாரம் வராத அந்தப் பெண்தான் சொன்னாள், நில்லுங்க, யாரும் ஓடக்கூடாது, பாதையை விட்டு மேட்டுப்பக்கம் ஒதுங்கி நிற்போம், அது எங்கே போகணுமோ போகட்டும். அவர்கள் லைனுக்குப் பின்னால் பலாமரம் இருக்கிறது. காய் பழுக்கிற காலத்தில் கரடி வராத ராத்திரி இல்லை. ஆந்தைக்கரடிக்கு எந்தப் பக்கம் வழி திறந்திருக்கிறது, கையில் இருக்கிற ரொட்டியைக் கீழே வைக்கலாமா, பின்னால் குட்டி இருக்கிறதா என்று என்னிடம் கேள்வி மேல் கேள்வி. ஐந்து பேரும் ஒளியும் பகடையை உருட்டினார்கள், ஒருவனுக்கு 3 விழுந்தது. கரடி திரும்பிப் பார்த்தது. ஒரு நிமிஷம் அந்த அறையில் நிஜமாகவே யாரும் அசையவில்லை. ரொட்டியை எடுத்துக்கொண்டு அது இறங்கிப் போய்விட்டது.

முழு 700ஐயும் கொடுத்தேன். மருந்தும் ஊர் போய்ச் சேர்ந்தது. 340, 140, 50. ஐந்து நோட்டிலும் 530. 900க்கு இன்னும் 370.

ஐந்தேகாலுக்கு வட்டக்கானல் தம்பி சொன்ன மூன்று கேள்வியையும் கேட்டேன். முதல் கேள்விக்கே நேரம் முடிந்துவிட்டது, ஆந்தைக்கரடிக்கு ரொட்டி பிடிக்கும் என்பது உலகத்தைப் பற்றி முக்கியமான விஷயமா இல்லையா என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வாதாடிக்கொண்டே வந்தார்கள். முக்கியம்தான் என்று நானும் நினைக்கிறேன். இதற்கு ஆளுக்கு 10 கொடுத்தால் அதிகமா?